சருகுக் கொத்துக்குள் தவளைவாயன்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். கேரளாவின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். கிளையில் இரண்டு பறவைகள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. இரவில் பூச்சி பிடிக்கும் பக்கிப் பறவை என்கிறான் நண்பன், ஆந்தை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே இல்லை! அது இலங்கைத் தவளைவாயன். பெயரில் இலங்கை இருந்தாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. அலகைப் பாருங்கள். கிட்டத்தட்ட முகத்தின் அகலத்துக்கு விரிந்து, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கிறது. பக்கியின் அலகு பொடிசு. வாயைத் திறந்தால்தான் அகலமே தெரியும். பகலில் அது பெரும்பாலும் தரையில் படுத்துக் கிடக்கும். இது கிளையில் நிமிர்ந்து உட்காரும். கண்கள் முன்பக்கம் பார்ப்பதால் ஆந்தை என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் ஆந்தைக்கு இரையைக் கவ்விப் பிடிக்கும் வலுவான நகங்கள் உண்டு. இதற்குக் கால்கள் சிறியவை, வலுவும் குறைவு.

கேள்வி: ஒன்று சாம்பல், இன்னொன்று செம்பழுப்பு. வேறு வேறு இனமா?

பதில்: ஜோடிதான். சாம்பல் பழுப்பில் நிறையப் புள்ளிகளோடு இருப்பது ஆண், செம்பழுப்பில் இருப்பது பெண்.

கேள்வி: காட்டில் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படுவதில்லை. எங்கே பார்ப்பது?

பதில்: பறவையைத் தேடினால் கிடைக்காது, சருகைத் தேடுங்கள். அடர்ந்த புதரிலும் கொடிப் பின்னலிலும், பல நேரம் நம் தலைக்குச் சற்று மேலேயே, காய்ந்த இலைக் கொத்து மாதிரி இருக்கும். மொத்த நீளமே சுமார் 23 செ.மீ. ஆள் நெருங்கினால் பறக்காது. மெதுவாக அலகை வானத்தைப் பார்த்து உயர்த்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒடிந்த கிளை மாதிரி அசையாமல் நிற்கும். படத்துக்கு நல்ல போஸ் என்று பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அந்தப் போஸ் வந்தால் பறவை பயந்துவிட்டது என்று பொருள். சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

கேள்வி: குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாமா அண்ணா?

பதில்: தாராளமாக. இருட்டத் தொடங்கும்போதும் விடிவதற்கு முன்பும் கூப்பிடும். பெண்ணின் குரல் உரத்த, இறங்கிக்கொண்டே போகும் கிறீச்சல். முதல்முறை கேட்பவர் திடுக்கிடுவார். ஆண் கரகரவென்று அடுக்கடுக்காகக் கத்தும். ஆனால் பதிவுசெய்த குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அது எந்த மாதங்கள்? கூடு எப்படி இருக்கும்?

பதில்: தென்னிந்தியாவில் முக்கியமாக ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கூடு என்றால் கிளைமேல் சின்னதாக ஒரு திண்டு, அவ்வளவுதான். பாசியும் மெல்லிறகும் வைத்துக் கட்டி, வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துண்டு, மரப்பாசி எல்லாம் ஒட்டியிருக்கும். வெள்ளையாக ஒரே ஒரு முட்டை. பகலில் ஆண் அடைகாக்கும், இரவில் பெண். பறவை உட்கார்ந்தால் கூடு முழுவதும் அதன் உடம்புக்கு அடியில் மறைந்துவிடும். பார்ப்பவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். அதனால் அந்த மாதங்களில் தனியாக அமர்ந்திருக்கும் ஆணைப் பார்த்தால் கூடுதல் எச்சரிக்கையாக இருங்கள். இன்னொரு விசித்திரம்: குஞ்சு வெளியேறியதும் ஆண் பறவையே கூட்டைப் பிய்த்துப் போட்டுவிடும்.

கேள்வி: என்ன சாப்பிடும்?

பதில்: பூச்சிகள். எல்லாம் இருட்டிய பிறகுதான்.

கேள்வி: இன்று பார்த்த கிளையில் நாளைக்கும் இருக்குமா?

பதில்: தொந்தரவு இல்லாவிட்டால் பெரும்பாலும் இருக்கும். ஒரே இடத்தில் பல நாள் தொடர்ந்து பகல்பொழுதைக் கழிக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அதனால் பார்த்த இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், கூட்டம் கூடிவிடும்.