அக்டோபர் 6

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்கா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மிகைபுனைவு நாவல்களை மட்டுமே என்னால் வாசிக்க முடிகிறது. வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறேன் என்கிறார்கள் வீட்டில். துயரிலிருந்து மீள்வதற்கான பாடங்கள் இந்நாவல்களில் உண்டா? எவற்றை, எந்த வரிசையில் வாசிப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

வரிசை எதுவும் தரப்போவதில்லை. தப்பி ஓடுதல் என்ற பேச்சுக்கும் பதில் தேவையில்லை. ஆனால் ‘பாடம்’ என்ற சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை. அக்காவை இழந்த துயரத்தைத் தேர்வுக்குப் படிப்பதுபோல் அடிக்கோடிட்டுப் படித்து முடித்துவிடலாம் என்றா எண்ணுகிறீர்கள்? எட்டு மாதங்களுக்குள் தேறிவிட வேண்டும் என்று உங்களுக்குக் கெடு வைத்தது யார்?

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைப் பதினேழு வயதில் வாசித்தபோது, கதையின் தீய மோதிரம் எரிமலையில் விழுந்து அழிந்ததுமே கதை முடிந்துவிட்டதென நினைத்து, எஞ்சிய அத்தியாயங்களைப் புரட்டித் தள்ளினேன். அம்மா இறந்த மறு ஆண்டு அதையே மீண்டும் எடுத்தேன். இம்முறை அந்த அத்தியாயங்களை விட்டு நகர முடியவில்லை.

அக்டோபர் 6 அன்று, மோதிரத்தைச் சுமந்து செல்லும் நாயகன் ஃப்ரோடோவின் தோளில் கத்தி பாய்கிறது; மார்ச் 13 அன்று ராட்சதச் சிலந்தி அவனைக் கொட்டுகிறது. பிறகு மோதிரம் அழிகிறது, அரசன் முடிசூடுகிறான், வெட்டப்பட்ட மரங்கள் இருந்த இடங்களில் கன்றுகள் துளிர்க்கின்றன. ஆனாலும் அக்டோபர் 6 திரும்பி வரும்போது தோள் வலிக்கிறது. மார்ச் 13 வரும்போது படுத்துவிடுகிறான். அதற்கடுத்த மார்ச்சில், தோழன் சாமுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கும் நாட்களில், அவனுக்குக் கவலை தரக்கூடாதென்று தன் நோயை முயன்று மறைத்துக்கொள்கிறான். அந்த ஆண்டே ஊரை விட்டுக் கப்பலேறியும் விடுகிறான். 1916-இல், முதல் உலகப் போரில், சோம் போர்க்களத்தில் நின்றவர் டோல்கீன்; 1918-க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர அனைவரையும் இழந்தவர் எழுதிய முடிவு இது. வென்ற பிறகும் ஆறாத காயம் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

அம்மா இறந்தது ஜூலையில். ஒவ்வோர் ஆண்டும் அதற்குச் சில நாட்கள் முன்பே, நாட்காட்டியைப் பார்க்காமலேயே, எனக்கு உடம்பு முடியாமல் போய்விடும். அதைப் பலவீனம் என்று நினைத்து வெட்கப்பட்டேன். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஃப்ரோடோ நோயை மறைத்ததைச் சொல்லும் அந்த வரியை வாசித்த இரவில்தான் வாய்விட்டு அழுதேன்.

காயம் ஆறும் கதைகளும் இருக்கின்றனவே என்பீர்கள். இன்னொரு மிகைபுனைவு எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1908-இல், ஒன்பது வயதில், தாயை இழந்தார். 1955-இல் வெளிவந்த அவருடைய நாவலில் ஒரு சிறுவன் மாய ஆப்பிள் ஒன்றைக் கொண்டுவந்து, சாகக் கிடக்கும் அம்மாவைப் பிழைக்க வைக்கிறான். இதில் என்ன பாடத்தை அடிக்கோடிடுவீர்கள்? நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்தும் அம்மாவுக்குப் பழம் கொண்டுபோகும் மகனைத்தான் நான் அங்கே காண்கிறேன்.

அக்கா இறந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. எனக்கு எழுதுங்கள். அந்த நாள் நெருங்கும்போது உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை வீட்டாரிடமும் மறைக்காதீர்கள்.