முழங்கால் தேய்மானம்: ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா? டாக்டரிடம் கேள்வி பதில்

டாக்டர், அம்மாவுக்கு 62 வயது. சமதளத்தில் நன்றாகத்தான் நடக்கிறார். படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைத் தேடுகிறார். இது தேய்மானமா?

இருக்கலாம். பலருக்கு முதல் வலி படியில்தான் வரும். மடங்கிய முழங்காலில் மொத்த எடையும் இறங்கும்போது, முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. "வலிக்குதா?" என்று கேட்டால் "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுவார். அதனால் கேட்காமல், அவர் இறங்குவதைக் கீழே நின்று பாருங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறாரா? எப்போதும் ஒரே காலையே முதலில் கீழே வைக்கிறாரா? அப்படியானால் பெரும்பாலும் அதுதான் வலிக்கிற கால். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்றும் கவனியுங்கள்.

காலையில் எழுந்ததும் முழங்கால் விறைப்பாக இருக்கிறது. முடக்குவாதமாக இருக்குமோ என்று பயம்.

எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. தேய்மானத்தில் நாலு எட்டு நடந்தால் தளர்ந்துவிடும். வழக்கமாக 30 நிமிடத்தைத் தாண்டாது. 45 வயதுக்கு மேல், நடமாடினால் வலி, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணிக்குள் போய்விடுகிறது, வேறு சந்தேகமும் இல்லை என்றால், எக்ஸ்ரே இல்லாமலே தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு. விறைப்பு மணிக்கணக்கில் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதத்தைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து, சூடாக வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள். ஆனால் வலிக்கிறதே?

தேய்வது குருத்தெலும்பு, அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான மெத்தை. எக்ஸ்ரேயில் அதுவே தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். தேய்மானத்தின் அளவைச் சொல்ல, கெல்கிரன், லாரன்ஸ் என்ற மருத்துவர்கள் 1957இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான நிலைகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் 2ஆம் நிலைக்கு வந்தால்தான் தேய்மானம் உறுதி என்பார்கள். அதற்கு முன்பே வலி தொடங்கிவிடலாம். அப்புறம், படம் படுத்துக்கொண்டு எடுத்ததா, நின்றுகொண்டா? படுத்தால் இடைவெளி விரிந்து நன்றாக இருப்பதுபோல் காட்டும். எடை தாங்கி நின்று, கொஞ்சம் மடக்கி எடுத்த படம்தான் உண்மைக்குப் பக்கம்.

அப்போ எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். 50 வயதுக்கு மேல், வலியே இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு அதில் ஏதாவது ஒரு கோளாறு தெரியும். அதைப் படித்துவிட்டுக் கவலைப்படுவதுதான் மிச்சம். முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், அது வேறு கதை.

மடக்கினால் சடசடவென்று சத்தம் வருகிறது ஐயா. வலி இல்லை.

விட்டுவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. இ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சோதனை), யூரிக் அமிலம் எல்லாம் வேறு நோய் இல்லை என்று பார்க்கத்தான்.

குருத்தெலும்பு மறுபடி வளராது என்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்து என்ன லாபம்?

தசை வளருமே! வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் முன்தொடைத் தசை மெலியும். மெலிந்தால் வலி கூடும். இந்தச் சுழலை ஆரம்பத்தில் உடைப்பது சுலபம். எடை கூடுதலாக இருப்பவர் 1 கிலோ குறைத்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. என்னைக் கேட்டால், ஸ்கேனுக்கு முன் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

அப்பாவுக்கு முழங்காலில்தான் வலி. ஆனால் அழுத்திப் பார்த்தால் எங்கேயும் வலிக்கவில்லை.

இடுப்பு மூட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பில் கோளாறு இருந்து வலி முழங்காலில் மட்டும் தெரிவதுண்டு. குனிந்து செருப்பு மாட்டச் சிரமப்படுகிறார் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.