கூடாரத்துக்கு வெளியே கழுதைப்புலி கூப்பிடும்போது

கேள்வி: எனக்கு வயது 57. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் நைரோபியில் வேலை பார்க்கிறாள். வருகிற ஆகஸ்டில் என்னையும் கூட்டிக்கொண்டு எட்டு நாள் லாரி சஃபாரிக்குப் போகப் பணம் கட்டியிருக்கிறாள். நைரோபியில் கிளம்பி தான்சானியாவிலுள்ள அருஷா, கொரங்கோரோ, செரங்கெட்டி போய்த் திரும்புவது. இரவெல்லாம் கூடாரத்தில்தான் தங்க வேண்டுமாம். முகாமுக்கு வேலிகூடக் கிடையாதாம். மிருகங்களை அவை வாழும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயது ஆசை. ஆனால் இரவில் ஒரு தடவையாவது பாத்ரூம் போக எழுந்திருப்பேன். முழங்கால் வலி உண்டு. சைவம் வேறு. 'இந்த வயசில் சிங்கத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கணுமா' என்கிறார் கணவர். போகலாமா? மகளுக்குப் பாரமாகிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தென்காசி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போய் வாருங்கள். நானும் செரங்கெட்டியின் நடுவிலிருக்கும் செரோனராவில் மூன்று இரவும் கொரங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஓர் இரவும் கூடாரத்தில் படுத்தவள். உங்கள் கடிதத்தில் நான்கைந்து கவலைகள் இருந்தாலும், அடியில் இருப்பது இரவைப் பற்றிய பயம்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செரோனராவின் பொது முகாம்களுக்கு வேலி கிடையாது என்று மகள் சொன்னது சரி. அங்கே கம்பி வலைக்குள் இருப்பது சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும். நாம் திறந்த வெளியில் படுக்க, சாப்பாடு கூண்டுக்குள் இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்து நான் திகைத்து நின்றேன். காரணம் புரிந்த பிறகு பயம் பாதியாகக் குறைந்துவிட்டது. மிருகத்தை முகாமுக்குள் இழுப்பது உணவின் வாசனை. மூடிய கூடாரம் அதற்குப் பாறையையோ புதரையோ போல ஒரு பொருள், சுற்றிக்கொண்டு போய்விடும். வழிகாட்டிகள் அத்தனை பேரும் இதை நம்பித்தான் அங்கே தூங்குகிறார்கள்.

ஆனால் கூடாரம் முழுக்க மூடியிருக்க வேண்டும். காற்றுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கும் நம்மூர்ப் பழக்கம் அங்கே ஆகாது. வலைக்கதவு, துணிக்கதவு இரண்டின் ஜிப்பையும் இழுத்துவிடுங்கள். பிஸ்கட், பழம், கடலைமிட்டாய் எதுவும் உள்ளே வேண்டாம். வாசனை சோப்பும் பற்பசையும்கூட லாரிப் பெட்டியில் இருக்கட்டும். என் கைப்பையின் ஓரத்தில் ஒரு முறுக்குப் பொட்டலம் மறந்துபோய்க் கிடந்தது. வழிகாட்டி அதை எடுத்துப் போய்ப் பூட்டி வைத்துவிட்டு வந்து, 'இதை மறக்கவே கூடாது அம்மா' என்று நிதானமாகச் சொன்னார். தோல் செருப்பை, ஷூவை வெளியே விடாதீர்கள். கழுதைப்புலி கடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இனி பாத்ரூம். இதைக் கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று தெரியும், கேட்டதற்கு நன்றி. மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறையைப் பகலில் சரிசெய்துவிடுங்கள், அங்கே புழுதியும் வெயிலும் அதிகம். படுக்கப் போகுமுன் எல்லோருமாகச் சேர்ந்து கழிப்பறைக்குப் போய் வருவார்கள். அந்த நடையைத் தவறவிடாதீர்கள். நள்ளிரவில் தனியாகக் கழிப்பறைக் கட்டடம் வரை நடக்கவே கூடாது. முடியவில்லை என்றால் முதலில் மகளை எழுப்புங்கள். உள்ளே இருந்தபடியே ஒரு நிமிடம் காது கொடுங்கள். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து டார்ச் ஒளியைச் சுற்றிலும் மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது கண்கள் மின்னினால் மூடிவிட்டுக் காத்திருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் கூடாரத்தை ஒட்டி இரண்டடியில் வேலையை முடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட வேண்டும். இதைவிட நிம்மதியான வழி, மூடி இறுக்கமான அகன்ற வாய் டப்பா ஒன்றைக் கொண்டுபோவது. நான் அதைத்தான் செய்தேன், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கழுதைப்புலியின் குரல் முதல் இரவே கேட்கும். தாழ்வாகத் தொடங்கி முடிவில் மேலேறும் ஒரு 'ஊஊவ்ப்'. சுவாஹிலியில் அதற்கு ஃபிஸி என்று பெயர். நம் மாயாறு, சீகூர்ப் பக்கத்துக் காடுகளில் இருப்பது வரிக் கழுதைப்புலி. அங்கே இருப்பது புள்ளிக் கழுதைப்புலி, கூட்டமாக வாழ்வது, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பது. சிங்கத்தின் கர்ஜனை அமைதியான இரவில் எட்டு கிலோமீட்டர் வரைகூடக் கேட்கும். பக்கத்தில் நிற்பது போலவே தோன்றும், பெரும்பாலும் அது வெகு தொலைவில் இருக்கும். அந்த நேரத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருங்கள்.

கொரங்கோரோ விளிம்பில் இருக்கும் சிம்பா முகாம் வேறு மாதிரி. சுமார் 2,300 மீட்டர் உயரம், ஊட்டியைவிடச் சற்று மேலே. ஆகஸ்டில் இரவுக் குளிர் எலும்பில் ஏறும். ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் கம்பளிக் காலுறையும் இல்லாமல் போகாதீர்கள். அங்கே தண்ணீர்த் தொட்டியைத் தேடி யானை வருவதுண்டு. வரிக்குதிரைகள் கூடாரங்களுக்கு நடுவே மேயும். என் தலைமாட்டில், ஒரு துணிக்கு அந்தப் பக்கம், புல்லைப் பறிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பசு மேய்வதைக் கேட்டு வளர்ந்த காது, அதனால் பயம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

பார்ப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்காகத்தானே போகிறீர்கள்? லாரி உயரமானது, புல்லுக்கு மேலே வெகுதூரம் தெரியும். ஆனால் கொரங்கோரோ பள்ளத்துக்குள் பெரிய லாரிகளை விடமாட்டார்கள். நான்கு சக்கர இழுவை ஜீப்பில் மாறித்தான் 600 மீட்டர் இறங்க வேண்டும். பல பயணங்களில் செரங்கெட்டிக்கும் அப்படியே. ஜீப்பில் எத்தனை பேர், ஆளுக்கு ஒரு ஜன்னல் உண்டா என்று மகளை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

செரங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். பிரிப்பதற்கு முந்தைய நம் நெல்லை மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு. அதற்குள் ஓடி ஓடி சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்று ஐந்து பெரிய மிருகங்களை எண்ணி முடிப்பது சஃபாரி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே உண்டு. ஒரு சிவிங்கிப்புலி மானைக் குறிவைத்துப் பதுங்கும்போது பத்து வண்டிகள் சூழ்ந்துகொண்டால் அதன் வேட்டை கெடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். 'இன்னும் கிட்டப் போக வேண்டாம், எஞ்சினை நிறுத்துங்கள்' என்று சொல்லும் ஆள் நீங்களாக இருங்கள். ஓட்டுநர்கள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பவர்கள். அநேகம் பேர் நெருங்கச் சொல்லித்தான் அவர்களை விரட்டுகிறார்கள்.

வண்டி நின்று பத்து நிமிடம் ஆனால் வெளி தானாகத் திறக்கும். ஆற்றோரம் நிற்கும் பெரிய மரங்களின் கிளைகளைப் பாருங்கள். தொங்குவது வாலாக இருந்தால் மேலே சிறுத்தை படுத்திருக்கும். பாறைக் குன்றுகளின் உச்சியில் சிங்கம் வெயில் காயும். ஜோடி ஜோடியாக நிற்கும் முயல் உயரத்து மான் டிக்டிக். நம் பனங்காடைக்கு உறவான ஒரு பறவை, நெஞ்சில் ஊதா நிறத்தோடு, முள் மர உச்சியில் அமர்ந்திருக்கும். தூக்கணாங்குருவியின் சொந்தங்களும் அங்கே கூடு பின்னும். இவற்றையெல்லாம் உங்கள் கண் சட்டென்று பிடித்துவிடும், மகளுக்கு நீங்கள் காட்டிக் கொடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் கூட்டம் பெரும்பாலும் வடக்கே, மாரா ஆற்றுப் பக்கம் இருக்கும். உங்கள் வழியில் அந்த ஆற்றைத் தாண்டும் காட்சி கிடைக்காது. செரோனராவிலோ ஆண்டு முழுவதும் நிலையாக வாழும் மிருகங்கள் ஏராளம்.

முழங்காலுக்கு இன்றே ஒரு பரீட்சை வையுங்கள். ஒரு வாரம் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, விடியற்காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து பாருங்கள். கூடாரத்தில் மெத்தை மெல்லியது, வாசலும் தாழ்வானது. லாரியின் படிகளும் செங்குத்து. எழுந்திருக்க முடிந்தால் கவலையில்லை. முடியாவிட்டால் அதே வழியில் விடுதி அறையில் தங்கும் பயணத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மிருகங்கள் அதே மிருகங்கள்தான்.

சைவம் பெரிய தொல்லை இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சப்பாத்தி அவர்கள் சாப்பாடாகவே ஆகிவிட்டது. சோறு, அவரை, கீரை, அவகாடோ எல்லாம் கிடைக்கும். முட்டை, மீன் கூடாது என்பதை முன்னமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் எவர்சில்வர் டப்பாவில் போகட்டும். தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. மதியச் சாப்பாட்டைத் திறந்த வெளியில் பிரிக்காதீர்கள். கொரங்கோரோவில் பருந்து கையிலிருப்பதையே பறித்துக்கொண்டு போகும். குரங்குகளைப் பற்றிக் குற்றாலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடைகளில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம், கடிக்கும் செட்சி ஈ அந்த நிறங்களைத்தான் தேடி வரும். காக்கி, சாம்பல், வெளிர்பச்சை நல்லது.

பாரமாகிவிடுவேனோ என்கிறீர்கள். லாரியில் வேலைகளை முறை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு குழு காய் நறுக்கும், ஒரு குழு பாத்திரம் கழுவும். துடைக்கத் துணி இல்லாததால் தட்டுகளைக் காற்றில் வீசி வீசி உலர்த்துவார்கள். இருபது பேருக்கு வெங்காயம் நறுக்கத் தெரிந்த ஒருவர் வந்தால் அந்த லாரியே சந்தோஷப்படும். இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். மகள் உங்களைக் கேட்டுக்கொண்டு பணம் கட்டவில்லை, கட்டிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள் என்பதையும் அவர் யோசிக்கட்டும்.

அவசரமாகச் செய்ய வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாள், நேரம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மலேரியா மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதை ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது.