'டிமாண்ட்' என்று எழுதியது தப்பா?

கேள்வி: மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தைப்பூசக் காவடிக்கு முந்தைய இரண்டு நாள் லீவு கேட்டு, 'பிளீஸ், ஐ டிமாண்ட் டூ டேஸ் லீவ்' என்று மேலாளருக்கு மெயில் அனுப்பினேன். "இப்படியா கேட்பது?" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். பணிவாகத்தானே கேட்டேன்?

பதில்: அன்புத் தங்கைக்கு, பணிவாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். சொல்தான் காலை வாரிவிட்டது. எல்லார் முன்னாலும் திட்டாமல், தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் அவர்.

நாள் முழுக்க நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் 'திமான்' என்கிறோம். பிரெஞ்சில் 'தெமாந்தே'. இரண்டுக்கும் பொருள் 'கேள்', அவ்வளவுதான். ஆங்கிலம் இதைப் பிரெஞ்சிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே போனதும் சொல் விறைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் டிமாண்ட் என்றால் 'கொடுத்தே ஆகணும்' என்று நிற்பது. முன்னால் பிளீஸ் போட்டாலும் அந்தச் சூடு தணியாது.

கேட்கிற சொல்லில் ஆளின் நிலை தெரியும் என்பது நமக்குப் புதிதில்லை. தாழ்ந்தவர் 'ஈ' என்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார் என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. டிமாண்ட் அந்தக் 'கொடு'வையும் தாண்டி, மேசையைத் தட்டிக் கேட்பது.

அதற்காக அந்தச் சொல்லையே ஒதுக்கிவிடாதீர்கள். காசு கட்டிய பொருளைக் கடைக்காரர் தராமல் இழுத்தடித்தால் 'ஐ டிமாண்ட் மை மணி பேக்' என்று தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. 'திஸ் ஜாப் டிமாண்ட்ஸ் பேஷன்ஸ்' என்றால் இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்று பொருள். அதில் யாருக்கும் கோபம் வராது. கேட்பது ஆள் இல்லையே!

இன்னொரு இடத்திலும் கிரியோல் நம்மை இழுக்கும். 'ஐ டிமாண்டட் ஹிம்' என்று எழுதக் கை போகும், ஆங்கிலத்தில் அது நிற்காது. டிமாண்டுக்குப் பின்னால் கேட்கிற பொருள்தான் வரும். ஆளைச் சொல்ல 'ஃப்ரம் ஹிம்' வேண்டும். அவரிடம் சும்மா ஒன்று கேட்டேன் என்றால் 'ஐ ஆஸ்க்ட் ஹிம்' போதும்.

சரி, மேலாளருக்கு இன்றே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: 'சாரி, ஐ மென்ட் டு ஆஸ்க். மே ஐ ஹாவ் டூ டேஸ் லீவ் பிஃபோர் காவடி, பிளீஸ்?'