குழாய் எடுத்த பின் மூக்கில் காற்று: உப்புவெளித் தாய்க்கு

வணக்கம் சகோதரி. இதயத் துவாரத்தை அடைத்த எட்டு மாதக் குழந்தைக்கு, செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்த மறுநாளே மூக்கு வழியாக வேகமாகக் காற்றுக் கொடுக்கிறார்களே, இது பின்னடைவா என்று கேட்டிருந்தீர்கள். என் மகனும் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய் இதே கட்டத்தைக் கடந்தவன்.

பெரும்பாலும் இது பின்னடைவல்ல. இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு சத்திரசிகிச்சை நடந்த பின்னர் நுரையீரலில் நீர் கோத்துச் சில காற்றறைகள் சுருங்கிவிடக்கூடும். நெஞ்சுக் காயத்தின் நோவால் குழந்தை ஆழமாக மூச்செடுக்கவும் இருமவும் தயங்கும். சூடாக்கி ஈரமாக்கிய காற்றை, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லீற்றர் வரை செலுத்தும்போது மூச்சின் உழைப்பு குறைகிறது. அது போதாவிடில் சீபாப் (CPAP) என்ற முறையில் மூச்சுப்பாதைக்குத் தொடர் காற்றழுத்தம் கொடுப்பார்கள். அந்தக் காற்றில் வயிறு உப்புவதும், மூக்குக்குழாயில் நீர்த்துளி உருள்வதும், பிளாஸ்டர் ஓரத்தில் கன்னம் சிவப்பதும் வழமைதான். ஆனாலும் தாதியரிடம் காட்டுங்கள். (நான் முதல் துளியைக் கண்டே அழுதவள்.)

இந்தக் காற்றுத் துணையைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சுத் திணறினால், உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசை) இருபக்கமும் சரியாக அசைகிறதா என்று ஸ்கேன் செய்து பார்த்தார்களா என வைத்தியரிடம் கேளுங்கள். அதன் நரம்பு இதயத்தை ஒட்டியே செல்வதால் சில வேளைகளில் பாதிக்கப்படும்.

வீடு திரும்பிய பின் விலா உள்ளிழுத்தாலோ, பால் குடிக்கத் திணறினாலோ, உதடு நீலித்தாலோ காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.