புது டிவியில் கேபிள் படம் மங்குவது ஏன்?

கேள்வி: புதிதாக வாங்கிய 43 அங்குல ஃபுல் எச்டி டிவியில் யூடியூப் பளிச்சென்று தெரிகிறது, கேபிள் சேனல்களோ மங்கலாக, முகங்கள் அகன்று தெரிகின்றன. டிவியில் கோளாறா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: டிவியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயர் வந்தால், அதில் 576 வரிகள் கொண்ட சாதாரணத் தரப் படமே வரும். 1080 வரிகள் உள்ள திரை முழுக்க அதை நிரப்புவதால்தான் இந்த மங்கல். எச்டி (உயர்தரப் படம் தரும்) பாக்ஸாக இருந்தால், அந்தப் படத்தை டிவிக்குக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறுங்கள். எச்டி சேனல்கள் உங்கள் பேக்கேஜில் உள்ளனவா என்றும் கேபிள்காரரிடம் கேளுங்கள். பழைய எஸ்டி (சாதாரணத் தர) பாக்ஸ் என்றால், கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும், விலையுயர்ந்த கேபிள் தண்டச்செலவு. முகம் அகல்வதற்குக் காரணம், 4:3 என்ற அகல-உயர விகிதம் கொண்ட படத்தை, அதைவிட அகலமான 16:9 திரைக்கு இழுப்பது. ரிமோட்டில் 4:3 என மாற்றினால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும், முகம் சரியாகிவிடும்.