பெட்டி பெட்டியாக டாலர் நாணயம்: கேட்டதும் சொன்னதும்

போன வாரம் ஏர்லைன் மைல் (கார்டில் செலவு செய்தால் சேரும், விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய புள்ளி) பற்றிப் பேச்சு வந்தபோது, "நாங்கள் நியூ ஜெர்சியில் இருந்த நாட்களில் அரசாங்கத்திடமே கிரெடிட் கார்டில் நாணயம் வாங்கி, அதையே பேங்கில் கட்டி மைல் சேர்த்தோம்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு என்னால் முடிந்த பதில்.

கேள்வி (மதுரை): அக்கா, முதல்ல இருந்து சொல்லுங்க. அரசாங்கம் எதுக்குக் காசை வீட்டுக்கு அனுப்பி வைக்கணும்?

யாரும் அதை வாங்கவில்லை, அதனால்தான்.

அமெரிக்காவில் ஒரு டாலர் நோட்டும் உண்டு, ஒரு டாலர் நாணயமும் உண்டு. 1979-ல் சூசன் பி. ஆன்டனி உருவத்தோடு ஒன்று வெளியிட்டார்கள். கால் டாலர் நாணயம் போலவே இருந்ததால் ஜனங்கள் குழம்பி ஒதுக்கிவிட்டார்கள். 2000-ல் சகாகவியா என்ற பூர்வகுடிப் பெண் முதுகில் குழந்தையோடு இருக்கும் பொன்னிற நாணயம் வந்தது. அதுவும் ஓடவில்லை. 2005-ல் ஒரு சட்டம் போட்டு, இறந்துபோன ஜனாதிபதிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நாணயம், ஆண்டுக்கு நான்கு பேர் என்று 2007-ல் ஜார்ஜ் வாஷிங்டனிலிருந்து ஆரம்பித்தார்கள். வெறும் 31 நாள் பதவியில் இருந்த வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கும் நாணயம் உண்டு.

கடையில் கேட்பாரில்லை, சட்டமோ அடித்துத்தான் ஆக வேண்டும் என்கிறது. அதனால் 2008-ல் அமெரிக்க மின்ட் நேரடியாக வீட்டுக்கே அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது. (சென்னைக்காரர்களுக்கு மின்ட் என்றால் தங்கசாலைத் தெரு ஞாபகம் வரும். இது நிஜமாகவே காசு அடிக்கும் சாலை.) 250 நாணயம் கொண்ட ஒரு பெட்டி 250 டாலர். அனுப்பும் செலவு இலவசம். கிரெடிட் கார்டு ஏற்றுக்கொள்ளப்படும். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் மைல் சேர்க்கிறவன் கண்ணுக்கு என்ன தெரியும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

கேள்வி (டல்லாஸ்): கணக்கு சொல்லுங்கள். ஒரு பெட்டிக்கு என்ன கிடைத்தது?

டாலருக்கு ஒரு மைல் தரும் கார்டு என்றால் 250 மைல். 2 சதவீதம் கேஷ்பேக் கார்டு என்றால் 5 டாலர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 250 டாலர் உங்களை விட்டு எங்கும் போகவில்லையே! நாணயத்தைப் பேங்கில் போட்டு, கார்டு பில் டியூ தேதிக்கு முன் அந்தப் பணத்தாலேயே கட்டிவிடலாம். கைமுதல் இல்லாத வியாபாரம்.

அப்போது அமெரிக்காவுக்குள் போய்வர ஓர் இலவச டிக்கெட்டுக்குப் பொதுவாக 25,000 மைல் கேட்பார்கள். நாணயத்தாலேயே அதைத் தேற்ற 100 பெட்டி வேண்டும். ஒரு நாணயம் 8.1 கிராம், ஒரு பெட்டி 2 கிலோவுக்குச் சற்று மேல், ஆக 100 பெட்டி 200 கிலோவைத் தாண்டும். இதை மட்டுமே நம்பியவர்களுக்கு மைலைவிட முதுகுவலிதான் வேகமாகச் சேர்ந்தது.

எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான லாபம் வேறு இடத்தில். "மூன்று மாதத்தில் 3,000 டாலர் செலவு செய்தால் போனஸ்" என்று புதுக் கார்டு கொடுப்பார்கள் இல்லையா? வாடகையைக் கார்டில் கட்ட முடியாத, சிக்கனமான வீட்டில் 3,000 டாலர் எப்படிச் செலவாகும்? 12 பெட்டி வாங்கினால் இலக்கு முடிந்தது. நான் மொத்தமே அந்த மாதிரி இரண்டு கார்டுகளுக்குத்தான் வாங்கினேன்.

கேள்வி (சிங்கப்பூர்): காசு வாங்கினால் அது கேஷ் அட்வான்ஸ் ஆகாதா? எனக்கு ஒருமுறை வட்டி தீட்டிவிட்டார்கள்.

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஏ.டி.எம்-மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் அது கேஷ் அட்வான்ஸ். பாயின்ட் கிடையாது, கட்டணம் உண்டு, அன்றிலிருந்தே வட்டி. ஆனால் கார்டு கம்பெனிக்கு நீங்கள் என்ன பொருள் வாங்கினீர்கள் என்று தெரியாது. விற்றவர் யார், அவர் எந்த வகைக் கடை என்று காட்டும் வணிகக் குறியீடு என்ன என்பதுதான் தெரியும். மின்ட் அரிய நாணயங்களையும் நினைவுப் பதக்கங்களையும் விற்கும் கடை. அதனால் இதுவும் சாதாரணக் கொள்முதலாகவே பதிவானது. அந்த ஒரு குறியீடு மாறியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

கேள்வி (பெருங்குடி): பெட்டியைப் பிரித்தால் எப்படி இருக்கும்? ஆசையாக இருக்கிறது.

செங்கல்லைவிடச் சிறிய அட்டைப் பெட்டி. அளவைப் பார்த்துவிட்டு ஒரு கையால் தூக்கப் போனால் மணிக்கட்டு சொல்லிவிடும், உள்ளே இருப்பது வேறு சமாச்சாரம் என்று. 25 நாணயம் வீதம் காகிதத்தில் சுற்றிய 10 ரோல்கள். ரோலை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் காகிதம் பிளந்து, புதுப் பித்தளைக் குத்துவிளக்கு நிறத்தில் காசு கொட்டும். உள்ளே செம்பு, மேலே மாங்கனீசு கலந்த பித்தளை. இரண்டு நாள் கைபட்டால் மங்கிவிடும்.

விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டும் மின்ட் முத்திரையும் காசின் முகத்தில் இருக்காது, விளிம்பில் வெட்டியிருப்பார்கள். 2007-ல் கொஞ்சம் வாஷிங்டன் நாணயங்கள் விளிம்பெழுத்து இல்லாமலே வெளியே போய்விட்டன. 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகமும் அப்போது விளிம்பில்தான் இருந்ததால், அவற்றுக்குக் கடவுள் இல்லாத டாலர் என்று பெயர் வந்து நல்ல விலைக்குப் போயின. நானும் ரோல் ரோலாக உருட்டிப் பார்த்தேன். என் காசெல்லாம் பக்திமான்கள்.

கேள்வி (டொரன்டோ): பேங்கில் ஒன்றும் சொல்லவில்லையா?

முதல் தடவை நான்கு பெட்டியை மளிகைச் சாமான் பையில் போட்டு எடுத்துப் போனேன். எங்கள் ஊர்க் கிளையில் கவுன்டரில் ஒரு வயதான அம்மாள். "வென்டிங் மெஷின் வைத்திருக்கிறாயா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு ரோலைப் பிரிக்காமலே எண்ணி வாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை சிரிப்பில்லை. அவருடைய பெட்டகத்தில் இடம் இல்லையாம். கவச வண்டி வந்து அள்ளிப் போகக் கிளைக்குக் கட்டணமாம். "இதை உனக்காக நான் சுமக்கிறேன்" என்று நேராகவே சொன்னார். அதற்கப்புறம் ஒரு தடவைக்கு ஒரு பெட்டிக்கு மேல் நான் கொண்டுபோகவில்லை. மீதியைக் காய்கறிக் கடை, லாண்டரி, பிள்ளையின் பள்ளிக் கேன்டீன் என்று கையால் செலவழித்தேன். கடைக்காரர்களில் பாதிப் பேர் வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கல்லாவில் அதற்கென்று ஒரு குழி கிடையாது. நோட்டுக்கு அடியில் தூக்கிப் போடுவார்கள்.

கேள்வி (மதுரை, அதே தம்பி): அப்ப இது திருட்டு மாதிரி இல்லையா அக்கா?

சட்டப்படி இல்லை. முகமதிப்புக்கு விற்றார்கள், முகமதிப்புக்கு வாங்கினோம். ஆனால் நாணயத்தை உடனே பேங்கில் போடுவது திட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று மின்ட் தன் தளத்திலேயே எழுதி வைத்தது. பெருவாரியாக வாங்கியவர்களைத் தொடர்புகொண்டு கேட்டது, வரம்பும் போட்டது. எனவே தெரியாமல் செய்தோம் என்று யாரும் சொல்ல முடியாது.

இலவசம் என்று நாங்கள் நினைத்ததற்கு யார் காசு கொடுத்தது என்று பாருங்கள். கார்டை ஏற்றுக்கொள்ளும் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை வங்கிக்குக் கட்டணமாக அழ வேண்டும். நம் பாயின்ட் அந்தப் பங்கிலிருந்துதான் வருகிறது. இங்கே கடைக்காரர் அரசாங்கம். பார்சல் செலவும் அதன் தலையில். அடிக்க 30 சென்ட் அளவில் ஆகும் நாணயத்தை ஒரு டாலருக்கு விற்றால் 70 சென்ட் லாபம் என்று மின்ட் கணக்கெழுதும். ஆனால் அந்த நாணயம் மக்களிடம் தங்கினால்தான் லாபம். நாங்கள் பேங்கில் போட்டோம், பேங்க் அதை அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குத் திருப்பியது, ரிசர்வ் ஒரு டாலர் வரவு வைத்தது. மின்ட் கையிலிருந்து கிளம்பிய காசு, என் வீட்டு வரவேற்பறை வழியாக ஒரு சுற்றுச் சுற்றி, அரசாங்கத்தின் இன்னொரு கிடங்கில் போய் உட்கார்ந்தது. இடையில் எனக்கு 250 மைல். திருட்டு என்று சொல்ல மாட்டேன். புத்திசாலித்தனம் என்று பீற்றிக்கொள்ளவும் மாட்டேன், பீற்றிக்கொண்ட காலம் உண்டு என்றாலும்.

8 லட்சம் டாலருக்கு வாங்கியதாகத் தானே சொல்லிக்கொண்ட ஒருவரைப் பற்றி 2009 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. எடை போட்டால் ஆறரை டன். ஒரு லாரி லோடு!

கேள்வி (கலிபோர்னியா): எப்போது கதவைச் சாத்தினார்கள்?

2011 கோடையில் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர், ரிசர்வ் கிடங்குகளில் யாரும் தொடாத டாலர் நாணயங்கள் 100 கோடிக்கு மேல் குவிந்திருப்பதைச் சொன்னது. பின்னாலேயே மைல்காரர்கள் கதையும் வந்தது. அந்த ஜூலையிலேயே இந்தத் திட்டத்துக்குக் கிரெடிட் கார்டு வாங்குவதை மின்ட் நிறுத்தியது. டிசம்பரில் துணை ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடன், ஜனாதிபதி நாணயங்களைப் புழக்கத்துக்கு அடிப்பதையே நிறுத்துவதாக அறிவித்தார். அதன்பின் சேகரிப்பவர்களுக்கு மட்டும்தான், அதுவும் முகமதிப்பைவிடக் கூடுதல் விலையில். அதில் பாயின்ட் பார்க்கப் போனால் நஷ்டம்.

கிடங்கு நிரம்பியதற்கு மைல்காரர்கள்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பங்கு அதில் கொசுறு. வேண்டாத காசை அடிக்கச் சொன்ன சட்டம்தான் மூலம்.

கேள்வி (லண்டன்): இங்கே பவுண்டு நாணயம் ஜோராக ஓடுகிறதே. அமெரிக்கர்களுக்கு மட்டும் என்ன கேடு?

உங்கள் ஊரில் நாணயம் வந்த ஐந்தாம் ஆண்டு, 1988-ல், ஒரு பவுண்டு நோட்டை விலக்கிவிட்டார்கள். கனடாவிலும் 1987-ல் நாணயம், 1989-ல் நோட்டுக்கு விடை. அமெரிக்காவில் நோட்டை எடுக்க யாருக்கும் துணிவில்லை. இரண்டும் இருந்தால் மனுஷன் பர்ஸில் மடிவதைத்தான் எடுப்பான். நியூயார்க் சப்வே டிக்கெட் மெஷினில் மீதிச் சில்லறையாக டாலர் நாணயம் விழும்போது கேட்கும் முணுமுணுப்பைக் கேட்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், 2000-லிருந்து டாலரையே தன் பணமாக வைத்திருக்கும் ஈக்வடாரில் சகாகவியா நாணயம் சக்கைப்போடு போடுகிறது.

கேள்வி (ஹூஸ்டன்): நிறைய நாணயம் கட்டினால் சந்தேகம் வருமாமே? 10,000-க்குக் கீழே பிரித்துப் பிரித்துக் கட்டச் சொல்கிறார் ஒரு நண்பர்.

அந்த நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினால் பேங்க் அரசாங்கத்துக்கு ஒரு படிவம் அனுப்பும், அவ்வளவுதான். நாணயமும் ரொக்கம்தான். அந்தப் படிவத்தைத் தவிர்க்கவென்றே பிரித்துக் கட்டுவதுதான் குற்றம், பணம் நேர்மையானதாகவே இருந்தாலும். ஒன்றும் செய்யாதவன் மாட்டிக்கொள்ளும் வழி இது.

கேள்வி (அட்லான்டா): பாயின்டுக்கு வருமான வரி உண்டா?

பொருள் வாங்கிக் கிடைத்த பாயின்ட் விலைத் தள்ளுபடி, வருமானம் அல்ல என்பதுதான் அங்கே பொது நிலை. பணத்துக்குச் சமமானதையே வாங்கினால்? 2021-ல் அமெரிக்க வரி நீதிமன்றத்தில் ஒரு தம்பதியின் வழக்கு வந்தது. 5 சதவீத கார்டில் கிஃப்ட் கார்டுகளை வாங்கி, அவற்றை மணி ஆர்டராக்கி, பேங்கில் போட்டு, இரண்டு ஆண்டுகளில் 3 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்திருந்தார்கள். கிஃப்ட் கார்டு ஒரு பொருள், அதற்கு வரி இல்லை. கார்டால் நேரடியாக வாங்கிய மணி ஆர்டருக்கும் டெபிட் கார்டில் ஏற்றிய பணத்துக்கும் கிடைத்த வெகுமதிக்கு வரி உண்டு என்று தீர்ப்பு. பெரிய அளவில் செய்கிறவர்கள் ஆடிட்டரைப் பாருங்கள், என்னையல்ல.

கேள்வி (கோவை): நம்ம ஊர்ல இது மாதிரி ஏதாவது இருக்காங்க?

கார்டில் முகமதிப்புக்கு நாணயம் விற்கும் ஆள் நம் ஊரில் இல்லைங்க. ஒரு காலத்தில் வாலட்டில் பணம் ஏற்றி இறக்கினார்கள், கட்டணம் வந்தது. செயலியில் வாடகை என்று அனுப்பினார்கள், வங்கிகள் அதற்கும் கட்டணம் போட்டன. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் புது விதிகள் வந்தபின் முக்கியமான செயலிகள் அந்தச் சேவையையே எடுத்துவிட்டன. தெரிந்தவர் கடையில் கார்டு தேய்த்துக் காசு வாங்கி 'ரொட்டேஷன்' விடுவது இதன் உறவு என்று நினைக்காதீர்கள். அது பொய் விற்பனை. கமிஷனும் போகும், கார்டும் போகும்.

கேள்வி (திருச்சி): ரெண்டு கார்டு போனஸ்ல எங்க போனீங்க?

அம்மாவைக் கூட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ. கோல்டன் கேட் பாலத்தைப் பார்த்த அம்மாவுக்கு, காசு கொடுத்து வாங்கிய காசால் டிக்கெட் வந்தது என்பதுதான் கடைசிவரை விளங்கவில்லை.

கேள்வி (பெருங்குடி): ஒன்றாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா?

ஒரே ஒரு ஹாரிசன். வருஷா வருஷம் கொலுவில் செட்டியார் கடை முன்னால் வைப்பேன். போன நவராத்திரிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பொடியன் அதை எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்த அஞ்சு ரூபாய் செல்லுமா?" என்று கேட்டான்.